ஃபேன் ரெகுலேட்டர்

எங்கள் ஊரில் யார் வீட்டிலும் ஃபேன் கிடையாது. வடகவுஞ்சியைத் தாண்டி மேலே வந்தால் கூரையில் விசிறி மாட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை. சித்திரை மாதத்திலேயே சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுகிற இடம். அதனால் எங்கள் ஆட்கள் வாயில் ஃபேன் என்று வந்தால் அது வண்டிக்குள் இருக்கிற ஃபேன்தான். ஹீட்டர் காற்றைக் கண்ணாடிமேல் அடிக்குமே, அது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமானைக் கொடைக்கானல் டாக்ஸிக்காரர்கள் ரெகுலேட்டர் என்பார்கள். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் டாக்ஸி ஓட்டியவர், அவரும் அப்படித்தான் சொல்வார். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே நானும் போனில் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் ஒரு முழு நாள் வீணாகப் போனது. எங்கள் கையில் இருந்ததே இரண்டு நாள்தான்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்று அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பழனிக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். வண்டி ஓட்டுவது நான். பூண்டு மூட்டை ஏற்றிப்போக ஆள் வேண்டும் என்று ஒரு காலத்தில் அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்தபோது இப்படி ஒரு சவாரிக்கு என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். இங்கே நானும் அவரும்தான்.

டயாலிசிஸ்காரர்களுக்குப் பசி பெரிய பாடில்லை, தாகம்தான் பாடு. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கிக் காலில் வீங்கி, அதற்கும் மேலே போனால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். கஞ்சி, ரசம், மாத்திரை முழுங்குகிற மடக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். காலையில் முக்கால் லிட்டரை ஒரு பாட்டிலில் பிடித்து வைப்பேன். அவர் எதைக் குடித்தாலும் அந்த அளவை உடனே பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். பாட்டில் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். குடங்களை எல்லாம் அடுப்படிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன், முற்றத்துக் குழாயின் திருகைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். கட்டின புருஷனுக்கு நான் போலீஸ்காரி.

என் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். எங்கள் வீட்டில் டீ என்று சொல்ல மாட்டோம், தேத்தண்ணிதான். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக்காட்டி அவர் என்னை அழவிட்டிருக்கிறார். இப்போது நான் வாய் தவறித் தேத்தண்ணி என்றால் அவர் தலை வெடுக்கென்று திரும்பும். அதில் இருக்கிற தண்ணி மட்டும்தான் காதில் விழும் போலிருக்கிறது. இந்த வயதில் நான் டீ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இதில் ஹீட்டர் எங்கே வந்தது என்றால், மழையோடு வந்தது. ஐப்பசியில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிடும். ஜன்னலை ஏற்றிவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் எங்கள் மூச்சே கண்ணாடியின் உள்பக்கம் படிந்து முன்னால் ஒன்றும் தெரியாது. ஹீட்டர் காற்றை அதன்மேல் விட்டால்தான் காயும். எங்கள் வண்டியில் ஒன்று, இரண்டு, மூன்று செத்துப்போய் நாலாவது வேகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலில் வைத்தால் செங்கல் சூளை வாசலில் உட்கார்ந்த மாதிரி அனல். கண்ணாடியோடு சேர்ந்து அவர் வாயும் காயும். பாதி மலை இறங்குவதற்குள் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு, "ஒரு மடக்கு புள்ள, ஒரே மடக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் தாங்க மாட்டார் என்று நடுநடுவே அணைப்பேன். இரண்டு வளைவுக்குள் கண்ணாடி மூடிக்கொள்ளும், மறுபடி நாலு. இரண்டு தடவை மனசு கேட்காமல் ஒரு மடக்கு என்று கொடுத்து அது அரை பாட்டில் ஆகிவிட்டது, பொய் சொல்வானேன். இரண்டு தடவையும் அங்கே எடை கூடுதலாகக் காட்டி, நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

"ரெகுலேட்டர மாத்திட்டா ஒண்ணுல வச்சு மெல்ல ஓட்டலாம்ல?" என்று நான் கேட்டால், "அது கெடக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்பார். பூண்டு நடவு, மழை, அந்தச் சோலி இந்தச் சோலி என்று நானும் விட்டுவிட்டேன்.

கார்த்திகை பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை மலைரோட்டில் மண் சரிந்து மரத்தோடு விழுந்தது. அன்றைக்குப் போக முடியவில்லை. டயாலிசிஸ் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருடைய பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் போன ஆவணியில் இரண்டு தடவை வரவில்லை, மூன்றாவது தடவை அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். போன் போட்டுக் கேட்டதற்கு நர்ஸம்மா சொன்னார்: "புதன், வியாழன் கட்டில் இல்லம்மா. வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு முத ஆளா வந்துருங்க. தண்ணிய இன்னும் கொறைங்க. மூச்சு முட்டுனா காத்திருக்காதீங்க, ஒடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க." வெள்ளிக்கிழமை தப்பக்கூடாது என்பதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

புதன்கிழமை காலையில் பாதி ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நடை பார்த்து வரலாம் என்று வண்டியை எடுத்தேன். ஃபேனை நாலில் வைத்ததும் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் ஒன்று வந்தது. பிறகு அந்த நாலாவது வேகமும் நின்றுவிட்டது. திருகிப் பார்த்தேன், குத்திப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி, கியர் போட மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஜன்னலை இறக்கினால் சாரல் உள்ளே அடித்தது. துடைத்த இடம் நான் கையை எடுப்பதற்குள் மறுபடி மூடியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே முட்டைக்கோஸ் லாரி வந்ததை அதன் ஹாரன் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரேக்கை மிதித்து நின்று இறங்கிப் பார்த்தால், இடது பக்கத்து முன்சக்கரம் ரோட்டை விட்டுப் புல்லில் நின்றது. புல்லுக்கு அந்தப் பக்கம் மேகம் மட்டும்தான் இருந்தது. லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி நடந்தால்? வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் கேட்டேன். அவருடைய பழைய டாக்ஸி சிநேகிதர்களில் ஒருவர் சபரிமலைச் சவாரியில் இருந்தார், இன்னொருவர் வண்டியின் எஞ்சினை இறக்கிப் போட்டிருந்தார். ஊரில் இருக்கிற ஜீப் வியாழன் சாயங்காலமே கோஸ் ஏற்றிச் சந்தைக்குப் போனால் வெள்ளி மத்தியானம்தான் திரும்பும். முதல் பஸ் பழனி போய்ச் சேரும்போது ஒன்பதாகிவிடும், கட்டில் போய்விடும். ஆம்புலன்ஸ் இந்த மேட்டுக்கு ஏறி வர எப்படியும் ஒரு மணி நேரம் வேண்டும். மூச்சு முட்டுகிறவருக்கு ஒரு மணி நேரம் என்பது என்ன என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கன்னிவாடியில் என் தம்பி இருக்கிறான், கமிஷன் மண்டியில் வேலை. மேட்டில் ஏறி நின்று போன் போட்டேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

"ஏலே, ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு வேணும். நாளைக்குக் காலம்பற முதல் பஸ்ல ஏத்திவிடு."

"என்னக்கா வேணும்?"

"ஃபேன் ரெகுலேட்டர்டா! ஃபேன் ஸ்பீடு கூட்டிக் கொறைக்கிறது! மாமாவப் பழனிக்குக் கூட்டிட்டுப் போகணும், அது இல்லாமப் போக முடியாது."

"சரிக்கா, சரிக்கா. நல்லதாவே வாங்குறேன்."

வண்டி எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அவர் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். அங்கேயே ரோட்டோரத்தில் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று சதுரமாக ஒரு பெட்டி, நடுவில் உருண்டைத் திருகு, சுற்றி ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். சுவரில் மாட்டுகிறது. கூரை ஃபேனுக்கு. கூடவே இரண்டு ஸ்க்ரூவும் வைத்திருந்தான், புண்ணியவான்.

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவனைச் சொன்னேன், அவன் மண்டியைச் சொன்னேன், அவன் மண்டைக்குள் இருப்பதைச் சொன்னேன். மேட்டில் ஏறி அவனைப் போனில் பிடித்து, "அறிவிருக்காலே ஒனக்கு?" என்று நான் ஆரம்பித்ததுமே அவன் பதறிப்போய், "நீ ஃபேன் ரெகுலேட்டர்தான கேட்ட? மாமாவுக்கு ஆஸ்பத்திரில ரூம் போட்டிருக்கு, அங்க ஃபேன் ஓடலயோன்னு நெனச்சேன்க்கா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இருப்பது கீழே. வேர்த்துக் கொட்டுகிற ஊர். ஃபேன் என்றால் அவன் தலைக்கு மேலே பார்ப்பான். தப்பு அவன்மேல் இல்லை. அவன்மேல் இல்லை என்று தெரிந்த பிறகு எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது, யாரைத் திட்டுவது? போனைக் காதில் வைத்தபடியே அந்த மேட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"அழுவாதக்கா. என்ன வண்டி, என்ன சாமான், சரியாச் சொல்லு. இப்பவே திண்டுக்கல் போறேன்" என்றான் தம்பி. வீட்டுக்கு ஓடி அவரிடம் கேட்டு, மறுபடி மேட்டுக்கு ஓடி, வண்டியின் பெயர், வருஷம், ஹீட்டர் ப்ளோவர், அதற்கு ரெசிஸ்டர், கடையில் அதுதான் பெயர் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவனும் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னான். திண்டுக்கல்லில் வாங்கிக்கொண்டு பழனிக்கு வந்து, மூன்று மணி பஸ்ஸில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

"அது வர்றதுக்குள்ள பழச கழட்டி வச்சிருவோம்" என்றார் அவர். பேசுவதற்கு நடுவில் நின்று நின்று மூச்சு இழுத்தார். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையால் அவர் எதையும் தூக்கவோ முறுக்கவோ கூடாது. குனிந்தால் மூச்சு முட்டியது. அதனால் வண்டியைத் தாழ்வாரத்தை ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, நனையாமல் தாழ்வாரத்துக்குள் ஒரு நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றி அவரை உட்காரவைத்தேன். வேலை என் கையில், வாய் அவருடையது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். பிறகு அவர் பக்கத்து டேஷ்போர்டு பெட்டி. இரண்டு பக்கத்தையும் அமுக்கி இழுத்தால் வந்துவிடும் என்றார். வரவில்லை.

"அமுக்கி இழு."

"அமுக்கித்தான் இழுக்கேன்."

"நீ இழுத்து அமுக்குற."

"இந்தா பாருங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

வந்தது. இழுத்த இழுப்பில் பெட்டியோடு பின்னால் போய் விழுந்தேன். உள்ளே இருந்த பழைய சாமி படங்களும் ஊதுபத்தியும் என் மடியில் கொட்டின. காலை வெளியே நீட்டி, தலையை உள்ளே கொடுத்து, மல்லாக்கப் படுத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். காற்றுக் குழாயின் பக்கவாட்டில் ஒரு பிளக், அதற்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று துருப்பிடித்து அசையவே இல்லை. அரை மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினேன். கட்டை ஸ்க்ரூடிரைவர் நழுவி நழுவிக் கட்டைவிரல் தோல் உரிந்தது. மழைத் தண்ணீர் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே அவர் மூச்சு சளசளவென்று கேட்டது. அந்தச் சத்தம் காலையில் இல்லை.

"படுக்கிறீங்களா?" என்று உள்ளிருந்தே கேட்டேன்.

"படுத்தா... முங்குற மாதிரி இருக்கு. நீ சோலியப் பாரு."

அதைக் கேட்டதும் வந்த வெறியில் ஸ்க்ரூவுக்கும் புத்தி வந்தது. பிளக்கைக் குறடால் இழுத்தேன். பாதி உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்ததில் என் கையிலேயே உடைந்து வந்தது. சாமானை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தீப்பெட்டி அளவு தகடு, அதில் பேனா ஸ்பிரிங் மாதிரி மூன்று கம்பிச் சுருள், ஒன்று நடுவில் அறுந்து கருகியிருந்தது. இதற்கா இவ்வளவு? எங்கள் இரண்டு பேர் உயிரும் இந்தத் துண்டுத் தகட்டிலா தொங்கிக் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குப் பாட்டிலில் அரை லிட்டர்தான் பிடித்திருந்தேன். மத்தியானத்துக்குள் அது முடிந்துவிட்டது. சாமானுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் முற்றத்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்ச நனச்சு ஒதட்டுல வைக்கட்டுமா?" என்றேன். தலையை ஆட்டினார். வைத்ததும் பஞ்சைப் பல்லால் கடித்துச் சப்பிவிட்டார். பிடுங்கி எறிந்தேன். "வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டேன்.

பஸ் ஐந்தரைக்கு வந்தது. இந்தத் தடவை பிரிக்கவே கை வரவில்லை, கண்டக்டரே பிரித்துக் காட்டினார். அதே தகடு, அதே மூன்று சுருள், புத்தம் புதிது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் கும்பிட்டது கண்டக்டரையா, தகட்டையா, தெரியவில்லை.

பிளக் உடைந்துவிட்டதால் நாலு வயரையும் தனித்தனியாக மாட்ட வேண்டியிருந்தது. அவருடைய டாக்ஸிக் காலத்து டப்பாவில் வயர் முனையில் நசுக்குகிற பித்தளைக் கொண்டிகள் கிடந்தன. வயரின் தோலை உரித்து, கொண்டியில் நுழைத்து, குறடால் நசுக்கி, ஒவ்வொன்றாகப் புதுச் சாமானின் காலில் செருகினேன். எந்த நிறம் எந்தக் காலுக்கு என்று அவர் விரலால்தான் காட்டினார், பேச்சு வரவில்லை. எல்லாம் முடித்து, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒன்றில் வைத்தேன். பேய்க் காற்று அடித்தது. ஐயையோ என்று மூன்றில் வைத்தேன். மெல்ல, மிக மெல்ல, பச்சைக்குழந்தை மூச்சு விடுகிற மாதிரி வந்தது. இரண்டு வயர் இடம் மாறிப்போயிருந்தது.

"பிரிச்சு மாத்தவா?" என்றேன்.

"வேணாம். மூணுல... வச்சுக்க."

மூன்றில் வைத்தபடியே அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ராத்திரி அவர் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மேகம் ஹெட்லைட்டுக்கு முன்னால் சுவராக நின்றது. மஞ்சள் கோட்டைப் பிடித்து ஊர்ந்தேன். கண்ணாடியோ துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. மெல்லிய சூடு, சத்தமே இல்லை. "பாத்தீங்களா?" என்றேன். பழனி போய்ச் சேர்ந்து ஊசி ஏற்றும்வரை இந்த மூச்சு தாங்கினால் போதும் என்று எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

நாலைந்து வளைவு தாண்டியதும் காற்று நின்றது. மறுபடி கருகிவிட்டதா? குனிந்து பார்த்தால் திருகு சைபரில் இருந்தது. அவர் கை அதன் பக்கத்தில் இருந்தது.

"கை பட்டுருச்சா?"

"ம்."

மூன்றில் வைத்தேன். இரண்டு வளைவு போனதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை அவர் திருகுவதைப் பார்த்துவிட்டேன். கண்ணாடியின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. அவர் கையைத் தட்டிவிட்டு வைத்தேன். "சூடு தாங்கலயா? கொறைச்சுத்தான வச்சிருக்கேன்?" மண் சரிந்த இடத்தில், இரண்டு வண்டி உரசிக்கொண்டு போகிற அகலத்தில், மூன்றாவது தடவையும் அணைத்தார். எதிரே வெளிச்சம் தெரிந்தது, அடுத்த நிமிடம் கண்ணாடி மூடி அதுவும் தெரியவில்லை. பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். எதிரே வந்த பால் வண்டி ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போனது.

எனக்கு அப்போது பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "சாகணும்னா தனியாச் சாவுங்க! என்னையும் சேத்துப் பள்ளத்துல தள்ளாதீங்க! நேத்து பூராவும் மழையில மல்லாந்து கெடந்து யாருக்காக இத மாட்டுனேன்? எனக்கா? எனக்கா வேணும் இந்தக் காத்து?" என்று கத்தினேன். அவர் முகத்தை அவர் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு திருகைத் தொடவில்லை. ஃபேன் ஓடியது, கண்ணாடி காய்ந்தது, நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

பாதிமலைக்கு வந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. அவர் தூங்கிவிட்டாரோ, மூச்சு இருக்கிறதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். தூங்கவில்லை. அவர் பக்கத்து ஜன்னலில் காற்று சரியாகப் படாத அடிமூலையில் மட்டும் கையகலம் ஈரம் மிச்சம் இருந்தது. ஆள்காட்டி விரலை அதில் மெதுவாக இழுத்தார். விரல் நுனியில் சேர்ந்ததை எனக்குத் தெரியாமல் வாயில் வைத்தார். திரும்ப இழுத்தார், திரும்ப வைத்தார். அந்தக் கையகலமும் என் கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து காய்ந்து சின்னதாகிக்கொண்டிருந்தது. அவர் அவசர அவசரமாக இழுத்தார்.

எங்கே நிறுத்தினேன் என்று நினைவில்லை. ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் விரலைச் சட்டென்று கம்பளிக்குள் மறைத்துக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்றேன்.

"மழ புடிச்சதுலருந்து. நீ... ஃபேன அணைப்பேல்ல, அப்ப."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

அவர் மூச்சு இழுத்துக்கொண்டே சொன்னார்: "சொன்னா அதையும் அளந்துருவ."

ஆறு மணி ஆகியிருந்தது. இன்னும் முக்கால் மணி நேர ரோடு. நான் ஃபேனை அணைத்தேன். ஜன்னலை எல்லாம் ஏற்றி, அவர்மேல் சாய்ந்து, அவர் பக்கத்துக் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினேன். ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடியதும் நான் விலகி, எதிர்ப்பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.